உருவத்தின் அடியில் உண்மையை எழுதுங்கள்

அருங்காட்சியகங்களையும் நினைவிடங்களையும் நடத்துவோருக்கும், சிலை நிறுவும் குழுக்களுக்கும், பாடநூலுக்குப் படம் தேர்ந்தெடுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

பிரெஞ்சுக் கணித மேதை அட்ரியன் மரி லெஜாந்தர் 1833-இல் காலமானார். அவருடைய படம் என்று ஒரு முகத்தைத் தலைமுறை தலைமுறையாக உலகம் பார்த்துவந்தது. கணித வரலாற்று நூல்களில் அதே முகம்தான், கலைக்களஞ்சியங்களிலும் அதேதான். 2005-ஆம் ஆண்டு வாக்கில்தான் உண்மை வெளியே வந்தது. அந்த முகம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அரசியல்வாதி லூயி லெஜாந்தருடையது. அவர் கசாப்புக் கடை நடத்தியவர், கணிதத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர். இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று, அவ்வளவுதான். பழைய கல்லச்சுப் படத்தின் அடியில் ‘லெஜாந்தர்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். முதற்பெயர் இல்லை, தொழில் இல்லை. ஒருவர் எடுத்துப் போட்டதை அடுத்தவர் எடுத்தார், அவரைப் பார்த்து இன்னொருவர் எடுத்தார். கணித மேதையின் உருவம் என்று இன்று நம்மிடம் இருப்பது, 1820-இல் பொவாலி என்ற ஓவியர் வரைந்த ஒரு கேலிச்சித்திரம் மட்டுமே. கலைந்த தலைமுடி, கடுகடுத்த முகம். அழகான படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது அவர்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. நீங்கள் மாட்டியிருக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும், நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு சிலையின் பீடத்திலும் கூடுதலாகச் சில வரிகள் எழுதுங்கள். இதைச் செய்தவர் யார், எந்த ஆண்டு செய்தார்? அந்த மனிதரை நேரில் பார்த்துச் செய்தாரா, புகைப்படத்தை வைத்தா, பிறர் எழுதிய வருணனையை வைத்தா, முழுக்கத் தன் கற்பனையிலா? நிறுவியவர்கள் யார், எப்போது? பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்ற மூன்றோடு நிறுத்திவிடுகிற வழக்கம் நமக்குப் போதவில்லை.

எழுத்தில் ஒரு செய்தியைப் படித்தால் ‘இது எங்கிருந்து கிடைத்தது?’ என்று கேட்கத் தோன்றுகிறது. முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில்லை. பார்த்த மாத்திரத்தில் மனசு அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஒரு சின்னப் பிள்ளை பாடப்புத்தகத்தில் பார்த்த அரசரின் மீசை, கிரீடம், தோள்கள் அந்தப் பிள்ளைக்கு எழுபது வயதாகும்வரை கூடவே வரும். அந்த மீசையை ஓவியர் தன் போக்கில் வைத்தார் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

நேரில் பார்த்துச் செய்த உருவம் எவ்வளவு அரிய பொருள் என்பதும் இப்போது பலருக்குத் தெரிவதில்லை. 1860-இல் சிகாகோவில் லெனர்ட் வோக் என்ற சிற்பி ஆபிரகாம் லிங்கனின் முகத்தில் சாந்து பூசி அச்செடுத்தார். லிங்கன் அப்போது அதிபர் வேட்பாளர்கூட ஆகவில்லை, தாடியும் வைக்கவில்லை. மே மாதம் கட்சி அவரை வேட்பாளராக அறிவித்ததும் வோக் ஸ்பிரிங்ஃபீல்டுக்கே போய் அவர் கைகளை அச்செடுத்தார். வாழ்த்த வந்த கூட்டத்தோடு கைகுலுக்கிக் குலுக்கி லிங்கனின் வலக்கை வீங்கிப்போயிருந்தது. அந்தக் கையில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று சிற்பி சொல்ல, லிங்கன் உள்ளே போய் ஒரு துடைப்பக் கட்டையில் துண்டு அறுத்துக்கொண்டு வந்தார். அதன் முனையைக் கத்தியால் சீவிச் சரிசெய்யவும் ஆரம்பித்தார். இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்று வோக் சொல்லியும் கேட்கவில்லை. அந்த வீக்கம் இன்றும் வார்ப்பில் இருக்கிறது. இடக்கையையும் வலக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1865 பிப்ரவரியில், கிளார்க் மில்ஸ் லிங்கனின் முகத்தை மறுபடியும் அச்செடுத்தார். நடுவே நான்கு வருட உள்நாட்டுப் போர். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. முதன்முறை அதைப் பார்த்த புகழ்பெற்ற சிற்பி செயின்ட் கௌடன்ஸ், இது இறந்தபின் எடுத்த அச்சு என்றே அடித்துச் சொன்னாராம். 1887-இல் சிகாகோவில் நிறுவப்பட்ட நின்ற நிலை லிங்கன் சிலையைச் செய்தவர் அவர்தான். வோக் எடுத்த வார்ப்புகளை அவர் அதற்குப் பயன்படுத்தினார். அந்தச் சிலையின் முன்னால் நிற்கிறவருக்கு இந்தக் கதையின் ஒரு வரி தெரிந்தால்கூடப் பார்க்கிற பார்வை மாறிவிடும். ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் இப்படி ஒன்று உண்டு. 1785-இல் பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்த ஊதோன் என்ற சிற்பி, அவர் வீட்டிலேயே தங்கி முகத்தை அச்செடுத்து உடலையும் அளந்துகொண்டு போனார். ரிச்மண்டில் நிற்கும் சிலை அதை வைத்துச் செய்தது. இவையெல்லாம் சாட்சியங்கள். கற்பனையில் வரைந்த படத்தோடு இவற்றை ஒரே வரிசையில், ஒரே மாதிரிப் பலகையோடு வைத்தால் சாட்சியத்துக்கு மதிப்பே இல்லாமல் போகிறது.

மறுபக்கத்தையும் பாருங்கள். கொலம்பஸ் உயிரோடு இருந்தபோது வரைந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க படம் ஒன்றுகூட இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிற, எல்லோருக்கும் தெரிந்த அந்தப் படம், 1519-இல் செபாஸ்டியானோ டெல் பியோம்போ வரைந்தது. கொலம்பஸ் இறந்தது 1506-இல். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் கொலம்பஸின் படங்கள் என்று 70-க்கும் மேற்பட்டவற்றை வைத்தார்கள். ஒரு முகத்துக்கு இன்னொன்று ஒத்துப்போகவில்லை.

ஆங்கிலேயரை எதிர்த்துப் போர்க்களம் போன பிரெஞ்சுப் பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கின் கதை இன்னும் உருக்கமானது. அவர் வாழ்ந்த காலத்திலேயே வரைந்த படம் என்று ஒன்றே ஒன்றுதான் இன்று இருக்கிறது. 1429 மே மாதம், ஓர்லியான் நகர முற்றுகை முறிந்த செய்தி பாரிசுக்கு வந்த அன்று, அங்கிருந்த உயர்மன்றத்தின் எழுத்தர் தம் பதிவேட்டில் அந்தச் செய்தியை எழுதி, ஓரத்தில் சின்னதாக ஒரு பெண்ணைப் பேனாவால் கிறுக்கிவைத்தார். நீண்ட கூந்தல், பெண்கள் அணியும் கவுன், கையில் கொடியும் வாளும். அவர் ஜோனைப் பார்த்ததே கிடையாது. உண்மையில் ஜோன் முடியைக் கத்தரித்துக்கொண்டு ஆண்களின் உடையில் திரிந்தவர், அந்த உடையையே பிறகு அவர்மேல் குற்றமாகச் சாட்டினார்கள். காலத்தால் அத்தனை நெருக்கமான படமே இப்படி. அப்படியானால் 400 ஆண்டுகளுக்குப் பிறகு செய்த குதிரைமேல் வீற்றிருக்கும் ஜோன் சிலைகளைப் பற்றிப் பார்வையாளருக்கு எவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது!

படமே இல்லை என்பதையும் சொல்லலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. நுண்ணோக்கியில் பார்த்ததை 1665-இல் வெளியிட்டு, ‘செல்’ என்ற பெயரை அறிவியலுக்குத் தந்த ராபர்ட் ஹூக்குக்கு உறுதியான உருவப்படம் எதுவும் கிடையாது. பழகியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு இக்காலத்தில் சிலர் வரைந்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளையும் படத்தோடு சேர்த்து வைத்தால் அது நேர்மையான படம். வைக்காவிட்டால் இன்னும் ஐம்பது வருடத்தில் அதுவே ‘ஹூக்கின் படம்’ ஆகிவிடும்.

நமக்கு நெருக்கமானவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திருவள்ளுவர் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பதிலேயே அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. இன்று நாம் வள்ளுவர் என்று அடையாளம் காணும் முகம் 20-ஆம் நூற்றாண்டில் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் வெளியிட்டதாகக் கருதப்படும் பொற்காசில் வள்ளுவர் என்று சொல்லப்படும் உருவம் வேறு மாதிரி இருக்கிறது, தலைக்கு மேலே குடையோடு. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட, கணபதி ஸ்தபதி வடித்த சிலையில் முகத்தைவிட அளவுகள் அதிகம் பேசுகின்றன. மொத்தம் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்கள். எவ்வளவு யோசித்துச் செய்த வேலை! சர்மாவின் படமும் அப்படித்தான், குறளைப் படித்துப் படித்து ஒரு கலைஞர் கண்ட முகம். இதை வெளிப்படையாகச் சொன்னால் வள்ளுவருக்கும் குறைவில்லை, ஓவியருக்கும் பெருமை. சொல்லாமல் விட்டதால்தான் உடையின் நிறத்தை வைத்துக்கொண்டு வள்ளுவரை ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள், ஏதோ அந்த உடையை யாரோ நேரில் பார்த்துவிட்டு வந்ததைப் போல.

பலகை எழுதுவது மேல்நாட்டார் கொண்டுவந்த வழக்கம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மாமல்லபுரத்து ஆதிவராகக் குகைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் உட்கார்ந்த பல்லவ அரசர், எதிர்ப்பக்கம் நின்ற அரசர், இருவரோடும் தேவியர். மேலே அவரவர் பெயர் பொறித்திருக்கிறது, ஒருவர் சிம்மவிஷ்ணு, மற்றவர் மகேந்திரர். எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரர் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் அந்த எழுத்து இல்லையென்றால் வாதாடக்கூட நமக்கு ஒன்றும் இருந்திருக்காது, ‘யாரோ ஓர் அரசர்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். வட இந்தியாவின் மதுரா அருங்காட்சியகத்தில் குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் கற்சிலை இருக்கிறது. தலை இல்லை. கனமான காலணி, நீண்ட மேலங்கி, கையில் ஆயுதம். அங்கியின் கீழ்ப்பகுதியில் பிராமி எழுத்தில் மன்னரின் பட்டங்களும் பெயரும் குறுக்காக ஓடுகின்றன. முகமே இல்லாத ஒருவரை ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்குப் பிறகு பெயர் சொல்லி அழைக்கிறோம் என்றால், அந்தச் சிலையில் எழுதிவைத்தவருக்கு அல்லவா நன்றி சொல்ல வேண்டும்?

கோனேரிராஜபுரம் சிவன் கோயில் எல்லாவற்றுக்கும் மேல். கணவரான சோழ அரசர் கண்டராதித்தரின் பெயரால் செம்பியன் மாதேவியார் எழுப்பிய கற்றளி, அதாவது கற்கோயில் அது. அங்கே கண்டராதித்தர் இறைவனை வணங்கும் சிற்பம் இருக்கிறது. இவர் இன்னார், இந்தக் கோயிலை இன்னார் எடுப்பித்தார் என்று கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. அதோடு நிறுத்தவில்லை. கோயிலைக் கட்டிய சாத்தன் குணபத்தன் என்ற கலைஞருக்கும் அங்கே சிற்பம் உண்டு, அவர் பெயரும் அவர் பெற்ற பட்டப்பெயரும் கல்லில் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் ஓர் அரசி இதைச் செய்தார்.

நிறுவியவர்கள் யார், எப்போது என்பதை ஏன் எழுத வேண்டும்? சிலை யாரைக் காட்டுகிறதோ அவரைப் பற்றிச் சொல்வதைவிட, வைத்தவர்களின் காலத்தைப் பற்றித்தான் பல சமயம் அதிகம் சொல்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலை நின்றது. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகப் பிடித்து விற்ற கம்பெனியில் பொறுப்பு வகித்தவர், 1721-இல் இறந்தவர். சிலை வைத்தது 1895-இல், 174 ஆண்டுகள் கழித்து. நகரத்தின் நற்குணமும் ஞானமும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்று பலகை சொன்னது, அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. திருத்திய பலகை ஒன்று வைக்கப் பல ஆண்டுகள் பேசினார்கள். வாசகத்தில் இழுபறி ஏற்பட்டு அது கடைசிவரை வரவேயில்லை. 2020 ஜூன் 7 அன்று மக்கள் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். இப்போது அந்தச் சிலை மேலே தெளித்த சாயத்தோடு அருங்காட்சியகத்தில் படுத்த நிலையில் இருக்கிறது, நடந்ததெல்லாம் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாலு வரியை முன்பே எழுதியிருந்தால் சிலை விழுந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையை எழுத மறுத்த ஒவ்வொரு வருடமும் கோபம் சேர்ந்துகொண்டே போனது.

சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீல் சிலையும் இந்த வகைதான். 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி ஒடுக்கியவருக்கு ஆட்சியாளர்கள் வைத்த சிலை. 1927-இல் அதை அகற்றச் சொல்லிப் போராட்டம் நடந்தது, பலர் சிறைக்குப் போனார்கள். 1937-இல் அகற்றினார்கள், பிறகு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்படிப்பட்ட சிலைக்கு நீலின் வாழ்க்கைக் குறிப்பு மட்டும் போதாது. அதை எதிர்த்துச் சிறை போனவர்களும் அந்தச் சிலையின் வரலாறுதான்.

சில சமயம் தவறான பெயரே ஒரு சிலையைக் காப்பாற்றியதும் உண்டு. ரோமில் குதிரைமேல் இருக்கும் மார்க்கஸ் அவுரேலியஸின் வெண்கலச் சிலையை இடைக்காலத்தில், கிறித்தவத்தை ஆதரித்த பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதனால்தான் உருக்காமல் விட்டார்கள். மற்ற ரோமப் பேரரசர்களின் குதிரைச் சிலைகள் அனேகமாக எல்லாம் உலைக்குப் போய்விட்டன. இதுவும் சொல்ல வேண்டிய கதைதானே?

இந்த மடலை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசரை நேற்று ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படம் மாதிரி ஒரு நிமிஷத்தில் செய்துகொடுக்கின்றன, தோலின் துவாரம் உட்பட. கைப்பேசிக்குக் கைப்பேசி அவை பரவுகின்றன. ஓவியர் கற்பனையில் வரைந்தாலும் ‘இது வரைந்தது’ என்பதாவது பார்த்தவுடன் தெரிந்தது, இவற்றில் அதுவும் தெரிவதில்லை. நாளைக்கு யாரோ ஒருவர் இவற்றில் ஒன்றை அச்செடுத்து நினைவிடச் சுவரில் மாட்டுவார், அதைப் பார்த்துப் பாடநூலில் போடுவார்கள். லெஜாந்தருக்கு நடந்தது ஒரு வாரத்திலேயே நடந்து முடிந்துவிடும். எது உண்மை என்று பார்க்க மக்கள் வந்து நிற்கும் இடம் உங்களுடையது. அங்கேயும் விவரம் இல்லையென்றால் வேறு எங்கே போவார்கள்?

தயக்கங்கள் இருக்கும், புரிகிறது. ‘கற்பனை’ என்று எழுதினால் மக்கள் மதிப்பார்களா என்று கேட்பீர்கள். கன்னியாகுமரி முகம் ஒரு சிற்பியின் கற்பனை என்று தெரிந்தவர்களும் படகேறிப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். மரியாதை அந்த மனிதர் செய்த காரியத்துக்கு, மூக்கின் நீளத்துக்கு இல்லை. பீடத்தில் இடம் இல்லை என்பீர்கள். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சாய்ந்த பலகை போதும். சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தைகளும் படிப்பதற்கு அதுவே வசதி. எழுத்து பெரிதாக இருக்கட்டும், மக்கள் பேசும் மொழியில் இருக்கட்டும்.

ஆவணமே இல்லையே, என்ன எழுதுவது என்று கேட்டால், அதையே எழுதுங்கள். ‘இவருடைய உருவம் பற்றிய குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. இது இன்ன ஆண்டில் இன்னார் கற்பனையில் செய்தது.’ இரண்டே வாக்கியம். புதிதாகச் சிலை செய்யக் கொடுக்கும்போது சிற்பியிடம் எந்தப் படத்தைக் கொடுத்தீர்கள், குடும்பத்தார் என்ன திருத்தம் சொன்னார்கள், களிமண் மாதிரி எப்படி இருந்தது என்பதையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுவைத்தால் பின்னால் வருகிறவர்கள் தேடி அலைய வேண்டாம். பழையதைச் சுத்தம் செய்தாலோ சாயம் பூசினாலோ அதையும் குறித்துவையுங்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்தில் உள்ள ஷேக்ஸ்பியர் சிலைக்கு 1793-இல் வெள்ளையடித்துவிட்டார்கள், 1861-இல்தான் மறுபடி வண்ணம் ஏறியது. ஏறக்குறைய எழுபது வருடம் வந்துபோனவர்கள் பார்த்தது வேறொரு முகம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. மக்கள் அதிகம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சிலையிலிருந்து தொடங்குங்கள், பாடநூலில் இருக்கும் படங்களை அடுத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதை அழுத்திக் கேட்கிறேன். பெரும்பாலான பீடங்களில் திறந்துவைத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை தந்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் அந்த முகத்தோடு மல்லுக்கட்டி, களிமண்ணில் பிடித்து, அச்சு எடுத்து, வெண்கலம் ஊற்றி, ராவித் தேய்த்தவர் பெயர் மட்டும் இல்லை. உருவத்தைச் செய்தவர் பெயரை முதல் வரியில் போடுங்கள். பட்டறையில் கூட வேலை செய்தவர்களின் பெயர்கள் கிடைத்தால் அவற்றையும் சேருங்கள். ஏற்கெனவே நிற்கும் சிலைகளுக்கு இப்போதே விசாரிக்கத் தொடங்குங்கள், செய்தவர்களில் பலர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசலுக்கு அடிக்கடி வந்துபோகும் ஒரு பார்வையாளர்